அக்காவின் வலது கால்

மார்ச் 3, செவ்வாய்

இரைச்சல் இன்னும் போகவில்லை.

வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் வேலை செய்கிற திரைச்சீலைக் கடையில் தூக்கிப்போட இருந்த பெல்மெட் பலகை ஒன்றைப் போன வாரம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். திரைச்சீலைக் கம்பியை மறைக்க மேலே அடிக்கிற பலகை. எங்கள் கடையில் வெல்க்ரோவுக்கா பஞ்சம்? பலகை முழுக்க ஒட்டி, அதன்மேல் பேஸ் கிட்டாரின் சத்தத்தை மாற்றுகிற பெடல்களை வரிசையாக அழுத்தி உட்காரவைத்தேன். முதலில் டியூனர். அடுத்து கம்ப்ரஸர். நான் ஓங்கி அடித்தாலும் தடவிக்கொடுத்தாலும் சத்தத்தை ஒரே மட்டத்தில் பிடித்து வைக்கிற பெட்டி. அப்புறம் கொஞ்சம் கரகரப்பைக் கூட்ட டிரைவ். அங்கிருந்து சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்.

பார்க்க என்னவோ மேடைக்காரி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டை, கழுத்தில் ஐந்தாவது கட்டத்தை, அழுத்தினால் மட்டும் பின்னாலேயே ஒரு ‘ஸ்ஸ்ர்ர்’ ஒட்டிக்கொண்டு வருகிறது. மற்ற சுரங்களில் இல்லை. ஒயரை மாற்றினேன். ஒவ்வொரு பெடலாகக் கழற்றிப் பார்த்தேன். ஊஹூம்.

அம்மா கதவருகே வந்து நின்றாள். “ஒரு வருஷமா உறையைக்கூடப் பிரிக்காதவ, இப்ப என்னடி திடீர்னு?”

அடுத்த ஒயரைச் செருகினேன். அம்மாவுக்கே தெரியும்.

அக்கா போன வாரம் செய்தி அனுப்பியிருந்தாள். ‘என் டிரம்ஸை வித்துடுடி. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு. என்னால இனிமே முடியாது.’ நானும் ‘சரி’ என்று போட்டுவிட்டேன். அன்றைக்கே பேஸை உறையிலிருந்து எடுத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

டிரம்ஸ் என் அறையில்தான் நிற்கிறது. கூடத்தில் இருந்ததைப் போன மாதம் அம்மா அப்படியே அலாக்காக இங்கே தள்ளிவிட்டாள். யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த பச்சைத் திரைச்சீலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். சிம்பல் தட்டு மாட்டுகிற கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் அம்மா துண்டு காயப்போடுகிறாள்.

மார்ச் 7, சனி

பழைய இசைச்சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அக்கா வைத்த பெயர் ‘சரியாப்போயிடும்’. எதைச் சொன்னாலும் ஒரு பெட்டியை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்து, “இதைப் போடுங்க, சரியாப்போயிடும்” என்பார்.

இரைச்சலைச் சொன்னேன். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் கதவைச் சாத்திவிடுகிற நாய்ஸ் கேட் பெடல் ஒன்றை வைத்தார். சரியாகப்போய்விடுமாம். வாசிக்கும்போது உடம்பே இல்லாத மாதிரி இருக்கிறது, ஏதோ குறைகிறது என்றேன். டிரம் அடிக்கிற பெட்டி ஒன்றை வைத்தார். அதுவும் சரியாகப்போய்விடுமாம்.

“அக்கா வரலையா?”

“ஊர்ல இல்லைங்க.”

“எப்ப வருவாங்க?”

இதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்க வாய் வந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

நாய்ஸ் கேட் போட்டும் இரைச்சல் இருக்கிறது. நான் வாசிக்கும்போது கதவு திறக்கிறது. என்னோடு சேர்ந்து அதுவும் உள்ளே வந்துவிடுகிறது.

டிரம் பெட்டியோடு கொஞ்ச நேரம் வாசித்தேன். அது தப்பே செய்வதில்லை. அதுதான் தொல்லை. அக்காவின் வலது கால் எப்போதும் ஒரு மயிரிழை பின்னால் வரும். பெரிய டிரம்மை மிதிக்கிற கால் அது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது, எங்கள் குழுவில் பாடுகிறவனுக்குக்கூடத் தெரியாது. பேஸ் வாசிக்கிறவளுக்கு மட்டும் தெரியும். சுரத்தை வைத்துவிட்டு ‘வருவாளா’ என்று நினைப்பதற்குள் வந்துவிடுவாள். பாட்டுக்கு நடை என்று ஒன்று இருந்தால் அது அந்தத் துளி நேரத்தில்தான் இருந்தது. ஆரம்பத்தில் இதற்காகவே அடித்துக்கொள்வோம். நீ லேட்டு என்பேன் நான். “நீதான்டி அவசரக்குடுக்கை. சோறு தின்றதுலகூட ஓட்டம்” என்பாள்.

பெட்டியில் அடியைப் பின்னால் தள்ளிவைக்க ஒரு திருகு இருக்கிறது. தள்ளிப் பார்த்தேன். தாமதமாகத்தான் வருகிறது, ஒவ்வொரு முறையும் அதே அளவு. அக்கா கோபமாக இருந்தால் ஒரு அளவு, குஷியாக இருந்தால் ஒரு அளவு. இதற்கெல்லாம் திருகு கிடையாது.

“குழாய் சொட்டுற மாதிரி இருக்கு. அணைச்சுத் தொலையேன்” என்றாள் அம்மா. அணைத்தேன்.

சாயங்காலம் அக்காவோடு வீடியோவில் பேசினேன். மடியில் குழந்தை. பல் முளைக்கிறது, கண்டதையும் கடிக்கிறான், அங்கே இன்னும் குளிர் விடவில்லை, அத்தானுக்கு வேலை நேரம் மாறிவிட்டது. அவர் வேலைக்காகத்தான் வெளிநாடு போனார்கள், வயிற்றில் இவனோடு. ரெண்டே வருஷம் என்று சொல்லிப் போனார்கள். இப்போதெல்லாம் அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

“டிரம்ஸை யாராவது கேட்டாங்களா?”

“விளம்பரம் போட்டிருக்கேன்” என்று புளுகினேன்.

“நல்லதாப் போச்சு. எனக்குக் காலே மறந்துபோச்சுடி.”

பொய். அவள் சொல்லும்போதே குழந்தை மடியில் ஆடிக்கொண்டிருந்தது. முட்டி தாளம் போட்டுக்கொண்டிருந்தது, பின்னால் தள்ளி.

மார்ச் 12, வியாழன்

நாள் முழுக்க ஏணிமேல். வாசிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

கீழ்வீட்டுக்காரர் வந்தார். சண்டைக்கு இல்லை, மனிதர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “நீங்க வாசிக்கிறது எனக்குக் கேக்கலைம்மா. ஆனா என் டம்ளர் மேசையில தானா நடக்குது.”

பேஸ் அப்படித்தான். இருக்கிற இடத்தில் இல்லாமல் சுவர் வழியாக, தரை வழியாக வேறு யார் வீட்டுக்கோ போய்விடும். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு ஆம்பை அணைத்து, ஹெட்போன் செருகுகிற குட்டி ஆம்பை மாட்டினேன்.

வாசித்தால் இரைச்சல் இல்லை.

அதே பெடல்கள், அதே ஒயர், அதே ஐந்தாவது ஃப்ரெட். சுத்தமாக இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி மறுபடி ஆம்பில் மெதுவாக வைத்தேன். ஸ்ஸ்ர்ர்.

அப்படியானால் இரைச்சல் ஒயரில் இல்லை, அறையில் இருக்கிறது.

அட மண்டூகமே!

பச்சைத் திரைச்சீலையைத் தூக்கினேன். அக்காவின் ஸ்னேர் டிரம். அதன் அடித்தோலில் மெல்லிய கம்பிச் சுருள்கள் படிந்திருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன லீவர். ஏற்றினால் கம்பி தோலோடு ஒட்டும், இறக்கினால் விலகும். ஏற்றிவைத்திருந்தால், எதிரே பேஸ் வாசிக்கும்போது யாரும் தொடாமலே அது அதிர்ந்து இரையும். ஆறு வருஷம் இதே ஸ்னேரோடு மேடை மேடையாக மல்லுக்கட்டியவள் நான். “அக்கா, லீவரை இறக்கு” என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

தோன்றாததற்குக் காரணம் உண்டு. எழுந்திருக்கும்போது லீவரை இறக்காமல் எழமாட்டாள் அக்கா. தண்ணீர் குடிக்கப் போனால்கூட இறக்கிவிட்டுத்தான் போவாள். இது மேலே நிற்கிறது. கடைசியாக உட்கார்ந்தது கிளம்புகிற அன்று காலை. வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. இதோ வந்துவிடுகிறேன் என்கிற மாதிரி எழுந்து போயிருக்கிறாள்.

இவ்வளவு நாளாக, நான் ஒரு சுரம் வைத்தால் அது பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை நிறுத்தக் கடைக்கு ஓடியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு நீ வேணும்டி. பெடல் எல்லாம் வேண்டாம்.

மார்ச் 16, திங்கள்

லீவரை இறக்கவில்லை. நாய்ஸ் கேட்டைப் பலகையிலிருந்து பிய்த்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். உன் ஸ்னேர் இரைகிறது, அதைப் பெடல் கோளாறு என்று நினைத்து ரெண்டு வாரம் அலைந்தேன் என்று. விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் இறக்கிட்டுத்தானே போனேன்?” என்றாள்.

“இல்ல.”

அக்காவின் சிரிப்பு நின்றது. அப்புறம், “எங்க, வாசி பாப்போம்” என்றாள்.

போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஐந்தாவது ஃப்ரெட்டை வைத்து ஓங்கி வாசித்தேன். அறையெல்லாம் இரைந்தது. அக்கா திரைக்குள் காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

“ஒண்ணும் கேக்கலடி. நீ சும்மா கிட்டாரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.”

போன் பேச்சுக்கு மட்டும் காதுகொடுக்கும். அடித்தளத்துச் சத்தத்தைத் தூக்கி எறிந்துவிடும். இரைச்சலைச் சத்தம் என்றே மதிக்காது. அதாவது எனக்கு வேண்டிய ரெண்டையும்.

கேட்கவைக்காமல் விடப்போவதில்லை.

மார்ச் 28, சனி

‘சரியாப்போயிடும்’ கடையிலிருந்து கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி ஒன்று வாங்கினேன். இந்தத் தடவை அவர் சொல்லும்முன் நானே சொல்லிவிட்டேன்: “சரியாப்போயிடும்.” மனிதருக்குப் புரியவில்லை.

பேஸ், டியூனர், கம்ப்ரஸர், டிரைவ், இந்தப் பெட்டி, கம்ப்யூட்டர். ஒயர்களைத் திரைச்சீலை நாடாவால் கட்டிப் பலகைக்கு அடியில் ஓட்டிவிட்டேன். எங்கள் முதலாளி பார்த்தால் ஆணி அடிக்கிற வேலைக்கும் என்னையே அனுப்புவார்.

அக்காவுக்கு வரிசையாகச் செய்தி போட்டேன். அத்தான் கம்ப்யூட்டரைத் திற. இரைச்சலை வடிகட்டுகிற வசதியை அணை. ஹெட்போன் மாட்டு. ஒரு மைக்கைத் தரைப்பக்கமாக வை. தட்டுவதற்கு ஏதாவது இருக்கா?

‘ரப்பர் பேட் ஒண்ணு இருக்கு. ஆசைக்குக் கொண்டுவந்தது. பெட்டியைவிட்டு எடுக்கவேயில்லை.’

‘காலுக்கு?’

வெகுநேரம் கழித்துப் படம் அனுப்பினாள். தரையில் படுக்கப்போட்ட பெரிய சூட்கேஸ். இங்கிருந்து கொண்டுபோன அதே சூட்கேஸ். அதன்மேல் அவள் வலது குதிகால்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பாழாய்ப்போன நாள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சிக்கு முன்னால், பாடுகிறவனும் மற்றவர்களும் வருவதற்குள், நானும் அவளும் மட்டும் ஒரு தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். பாட்டில்லை, ஒன்றுமில்லை. ‘கடை திறப்பு’ என்று பெயர். கடையைத் திறக்காமல் வியாபாரம் ஏது என்பாள் அக்கா. அதைத்தான் இன்றைக்கு வாசிக்கலாம் என்றிருந்தோம்.

ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு என்று எண்ணி ஆரம்பித்தோம். நான் வைத்த சுரம் அவளுக்குப் போய்ச்சேரத் துளி நேரம் ஆகிறது. அதைக் கேட்டு அவள் போடுகிற அடி எனக்கு வந்துசேர மறுபடி துளி நேரம். அவள் பின்தங்குகிறாளே என்று நான் நிதானித்தேன். நான் நிதானிக்கிறேனே என்று அவள் நிதானித்தாள். ஒருத்திக்காக ஒருத்தி காத்துக் காத்து, தாளம் நொண்டி, தவழ்ந்து, கடைசியில் நின்றே போயிற்று. மூன்று தடவை பார்த்தோம். மூன்று தடவையும் நின்றது.

“நாளும் பொழுதும் போன்ல பேசுறதும் இப்படித்தான்டி இருக்கு” என்றாள். “நீ சொல்லி முடிச்சியான்னு நான், நான் சொல்லி முடிச்சேனான்னு நீ.”

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

“இதெல்லாம் வேலைக்காவாது. நீ அதை வித்துடு. அதைப் பாக்கப் பாக்கத்தான் உனக்கும் இப்படி இருக்கு.”

உனக்கும் என்றாள். உனக்கு என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 8, புதன்

அம்மா ஆள் பிடித்துவிட்டாள். எல்லாம் என் நல்லதுக்காம். அவள் கணக்கெழுதுகிற பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார் டிரம்ஸ் தேடிக்கொண்டிருக்கிறாராம். சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

யாரைக் கேட்டுச் சொன்னே? யாரைக் கேட்டு? அவ வித்துடுன்னா வித்துடணுமா? அவ சொல்றதெல்லாம் மனசாரத்தான் சொல்றாளா? பெத்தவளுக்குத் தெரியாதா?

சத்தமாகவே கேட்டுவிட்டேன். அம்மா சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு மட்டும் ஆசையாடி? துணியைத் தூக்கித் தூக்கிப் பாக்கறியே நீ, அதைப் பாக்க முடியல.”

நான் தூக்கிப் பார்ப்பது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 11, சனி

வாத்தியார் வந்தார். நல்ல மனிதர், அதுதான் எரிச்சல். முரடராக இருந்தால் விரட்டியிருப்பேன். சாமான்களைத் தொடுவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். உயரம் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டார். நன்றாகவே வாசித்தார். வலது கால் கணக்காக விழுந்தது, என் டிரம் பெட்டி மாதிரி.

எழுந்திருக்கும்போது பழக்கமான கை, லீவரை இறக்கிவிட்டது.

அவருக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூட வேனை மே ரெண்டாம் தேதிதான் தருவார்களாம், அன்றைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அம்மா சரி என்றாள்.

அவர் படி இறங்குவதற்குள் லீவரை ஏற்றிவிட்டேன். ஸ்டூல் அக்கா வைத்திருந்த உயரத்துக்கு இறங்க மாட்டேன் என்கிறது. எந்த உயரம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதற்குத்தான் அழுகை வந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

வாத்தியார் வந்ததைச் சொன்னேன். நல்லவர், பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்று அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஸ்டூலை ஏற்றினார் என்றதும் ஆட்டம் நின்றது.

“என் ஸ்டூலையா?”

“அவர் நெட்டை.”

“ஏத்துறதுக்கு முன்னாடி கேக்க மாட்டாரா ஒரு வார்த்தை?” எதையோ தட்டிவிட்டு எழுந்தாள். “கம்ப்யூட்டரைப் போடு. இந்தத் தடவை நான் ஆரம்பிக்கிறேன். நீ என்னை மட்டும் கேட்டு வா. என்ன ஆனாலும் நான் நிக்க மாட்டேன், எனக்காக நீயும் நிக்காத.”

குழந்தையை அத்தானிடம் கொடுத்துவிட்டு, கேமராவைச் சூட்கேஸ் பக்கம் சாய்த்தாள். ரப்பர் பேடில் குச்சி விழுந்தது. சூட்கேஸில் குதிகால் விழுந்தது: தொப். நான் சேர்ந்துகொண்டேன்.

அவள் நிதானிக்கவில்லை, என்னைத் தேடவில்லை, நேரே போய்க்கொண்டிருந்தாள். நாலாவது சுற்றில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மயிரிழை பின்னால். சுரத்தை வைத்துவிட்டு, வருவாளா என்று நினைப்பதற்குள் வந்தாள். வந்துகொண்டே இருந்தாள். மறந்துபோயிற்றாமே, கால்!

எவ்வளவு நேரம் வாசித்தோம் என்று பார்க்கவில்லை. கம்ப்ரஸரை எப்போது அணைத்தேன் என்றே தெரியவில்லை. அது தேவைப்படவில்லை.

“எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“நல்லா இருந்துச்சுடி” என்றாள். மூச்சு வாங்கியது.

ஏப்ரல் 13, திங்கள்

வேலைக்குப் போன வீட்டில் ஜன்னல் அளந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டுக்கார அம்மாள், “என்னம்மா தனியாச் சிரிக்கிறே?” என்றாள். அகலத்தைத் தப்பாக எழுதிவிட்டேன், திரும்பிப் போய் அளந்து வர வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 19, ஞாயிறு

மறுபடி வாசித்தோம். இன்றைக்கு இன்னும் நன்றாக வந்தது. நடுவில் விரல் நழுவி எங்கேயோ போய் விழுந்தேன். நாராசமான ஒரு சுரம். அக்கா அப்படியே போனாள்.

முடிந்ததும், “கடைசியில ஒண்ணு சேத்து வாசிச்சேனே, புடிச்சுதா?” என்று கேட்டேன்.

“ஓ. சூப்பர்.”

ஏதோ நெருடுகிறது. நான் தப்பு விட்டால் அக்கா சும்மா இருக்கமாட்டாள். மேடையில் ஆயிரம் பேர் இருந்தாலும் குச்சியைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். இன்றைக்கு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. வயதாகிவிட்டதோ?

மே ரெண்டு வருகிறது. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 22, புதன்

அத்தான் கூப்பிட்டார். குழந்தை அறைக்கு வெளிச்சம் வராத திரைச்சீலை போடணும், எப்படி அளப்பது என்று கேட்டார். சொன்னேன். பேச்சுவாக்கில், “உங்க அக்கா பழையபடி ஆயிட்டாம்மா. ஞாயித்துக்கிழமை வந்தா சூட்கேஸுக்கு உதை. ஆனா காதுல ஒண்ணும் மாட்டிக்காமலே எப்படித்தான் வாசிக்கிறாளோ” என்றார்.

“மாட்டிக்காமலா?”

“ஆமா. ஹெட்போனைக் கழட்டி மேசையில வச்சுடுறா. தங்கச்சி வாசிக்கிறதைக் கேக்க வேண்டாமான்னேன். ‘நான் கேட்டா அவளுக்காக நிதானிச்சுடுவேன், அவளுக்குத் தாளம் போயிடும். அவ கேக்கட்டும்’னா. உனக்குத் தெரியாதா?”

தெரியாது.

ரெண்டு ஞாயிறும் நான் அவளோடு வாசித்தேன். அவள் என்னோடு வாசிக்கவில்லை. யாரோடும் வாசிக்கவில்லை. ஒரு சூட்கேஸை உதைத்துக்கொண்டு, சத்தமே இல்லாத அறையில், நான் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு… சூப்பராம். பாவி. ஏன்டி சொல்லல? ஏன் எல்லாத்தையும் எனக்கே குடுத்துட்டு நீ வெறுங்கையோட நிக்கிறே?

சின்ன வயதில் ஒரே பென்சிலைப் பங்கு போடும்போதும் கூர் இருந்த பாதி எனக்குத்தான் வரும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையிலேயே கீழ்வீட்டுக்காரரிடம் போய், இன்றைக்குச் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஆம்ப் போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “டம்ளரைக் கையில புடிச்சுக்கிறேன்” என்றார்.

கம்ப்யூட்டரோடு கிட்டாரை நேராக இணைக்கவில்லை. ஒரு மைக்கை அறை நடுவில் வைத்தேன், ஆம்புக்கும் ஸ்னேருக்கும் இடையில். திரைச்சீலையை முழுக்க எடுத்து மடித்து வைத்தேன். அம்மா தானாகவே வந்து துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அக்கா வந்ததும் சொன்னேன். “இன்னைக்கு நான் ஆரம்பிக்கிறேன். நீ என்னைக் கேட்டு வா.”

“வேணாம்டி, போன வாரம் மாதிரியே…”

“ஹெட்போனை எடுத்து மாட்டு.”

முகம் மாறிவிட்டது. அத்தானைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பாவம், அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு ஓடினார்.

“நீ போதும்னு நினைச்சா போன் அடி. அதுவரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்” என்றேன். அவள் பக்கத்திலிருந்து எனக்கு வருகிற சத்தத்தை அணைத்தேன், ஹெட்போனைக் கழற்றினேன். அவள் கண்ணில் பட்டால் அவள் கையைப் பார்த்து வாசித்துவிடுவேன் என்று திரையையும் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

கடை திறப்பு. தனியாக.

இப்படி வாசித்தது இல்லை. அடியில் கால் இல்லாமல் காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது. ஓடிவிடுவேனோ என்று பயம். நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே. அவள் கால் விழுகிற இடத்தில் இடம் விட்டு, விட்டு, வாசித்தேன். அவள் அங்கே வருகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வருவாள் என்று வைத்துக்கொண்டேன். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் எதிரே ஸ்னேர் மட்டும் ஸ்ஸ்ர்ர் என்றது. அந்த அறையில் எனக்குத் துணை அது ஒன்றுதான்.

போன் அடிக்கவில்லை. விரல் எரிந்தது. நிறுத்தவில்லை. தொடர்பு அறுந்துபோய் வெறுமனே வாசித்துக்கொண்டிருக்கிறேனோ என்றுகூட நினைத்தேன். அம்மா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாளோ. வெளிச்சம் ஜன்னலைவிட்டுப் போன பிறகு போன் அடித்தது.

அக்காவுக்கு மூக்கடைத்த குரல். குளிராம்.

“அந்த நாலாவது சுத்துல தப்பா ஒண்ணு வச்சியே. கழுதை.” சிரித்தாள். குச்சியைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற அதே சிரிப்பு. அப்புறம், “ஸ்னேர் இரையுதுடி” என்றாள்.

“லீவரை இறக்கிடவா?”

“தொட்டே, கொன்னுடுவேன்.”

லீவரை நோக்கி நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். அவள்தான் மறுபடி பேசினாள். “தோல் தளர்ந்திருக்கு. கேக்குறப்பவே தெரியுது. லீவர் பக்கம் இருக்கிற ரெண்டு திருகையும் கால் சுத்து முறுக்கிவை. முறுக்குற சாவி ஸ்டூலுக்கு அடியில ஒட்டியிருக்கும்.”

“சனிக்கிழமை வேன் வருதே.”

“வரட்டும். காபி குடுத்து அனுப்பு.”

ஏப்ரல் 27, திங்கள்

“நாளைக்கு அவர் மூஞ்சியில எப்படிடி முழிப்பேன்?” என்று அம்மா நேற்று ராத்திரி சாப்பிடும்போது புலம்பினாள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அவளே போய் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“பெரியவ வாசிச்சுக்கிட்டிருக்கா, குடுக்கிறதுக்கில்லைன்னு சொன்னேன்.”

‘சரியாப்போயிடும்’ கடை விலாசத்தையும் கொடுத்திருக்கிறாள். வேன் வராது. காபி மிச்சம்.

மே 3, ஞாயிறு

சாவி ஸ்டூலுக்கு அடியிலேயே இருந்தது, டேப் காய்ந்து மஞ்சளாகிவிட்டது. ரெண்டு திருகையும் முறுக்கினேன். அக்கா கேட்டுவிட்டு, போதும் என்றாள். ஸ்டூலையும் அவள் சொல்லச்சொல்ல இறக்கினேன். திருகின் நாலாவது மரையில் சிவப்பாக நகப்பூச்சு வைத்திருக்கிறாள், அதுதான் அடையாளமாம். இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

இந்த வாரம் அவள் கேட்காமல் வாசித்தாள், நான் கேட்டேன். குளிர் விட்டுவிட்டதாம். இந்த வருஷமும் வர முடியாதாம். சொல்லிவிட்டு, சரி சரி என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மே 10, ஞாயிறு

இன்று கேட்காமல் வாசிப்பது என் முறை. பேஸைச் சுருதி சேர்த்து, மைக்கை நடுவில் வைத்து, ஹெட்போனைக் கழற்றி அவள் ஸ்டூல்மேல் வைத்தேன்.